அயல்நாட்டில் மின்தொழில்: வாங்குபவர், விலை, வெளியேறும் வழி

மின்சாரத்தை உற்பத்தி செய்து விற்கும் தொழிலில் பல நாடுகளில் வாங்குபவர் ஒருவரே: அரசின் மின்வாரியம். விலை சரியில்லை என்று சரக்கை வேறு சந்தைக்கு அனுப்ப வழியில்லை. நட்ட காற்றாலையைக் கழற்றிக்கொண்டு ஊர் திரும்பவும் முடியாது. போடும் பணம் முழுவதும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே மண்ணில் இறங்கிவிடும். வசூல் மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மாதாமாதம் வரும். அதற்குள் நான்கைந்து தேர்தல் வந்துபோகும், நாணயம் ஒன்றிரண்டு முறை சரியும். ஆகவே அயல்நாட்டில் மின் நிலையம் கட்டுபவர் எந்தப் பெயரில் கம்பெனி பதிவு செய்தாலும், உண்மையில் அந்நாட்டு மின்வாரியத்துக்கு நீண்டகாலக் கடன் கொடுப்பவர்தான். வாரியம் ஒழுங்காகப் பணம் தருமா, இன்று ஒப்புக்கொண்ட விலையை அடுத்த அரசும் ஒப்புக்கொள்ளுமா, கிடைத்த பணம் டாலராக மாறி வெளியே வருமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் வெயிலையும் காற்றையும் அளக்க வேண்டும். வழக்கத்தில் இது தலைகீழாக நடக்கிறது.

மும்பைவாசிக்குப் பாடம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாட்டுங்கா வீடுகளுக்குக் கரண்ட் பில் அனுப்பும் ‘பெஸ்ட்’ இன்று மாநகராட்சியின் நிறுவனம். தொடக்கத்தில் அது 1905ல் இங்கிலாந்தில் பதிவான பம்பாய் எலெக்ட்ரிக் சப்ளை அண்ட் டிராம்வேஸ் என்ற கம்பெனி. 1905 ஆகஸ்ட் 7 தேதியிட்ட சலுகைப் பத்திரத்திலேயே, பிற்காலத்தில் தொழிலை விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை நகராட்சிக்கு என்று எழுதியிருந்தது. சரியாக 42 ஆண்டுகள் கழித்து, 1947 ஆகஸ்ட் 7 அன்று, நகராட்சி அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டது. சுதந்திரத்துக்கு எட்டு நாள் முன்பு நடந்ததால் இதைத் தேசியமயம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பத்திரத்தை ஒழுங்காகப் படித்த எந்தப் பங்குதாரருக்கும் முதல் நாளிலிருந்தே தெரிந்த முடிவு அது. சலுகைப் பத்திரம் எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவது நல்லது.

சயனைத் தாண்டிச் செம்பூர் போனால் பில் அதானி பெயரிலோ டாடா பெயரிலோ வரும். அதானி எலெக்ட்ரிசிட்டி மும்பையில் 25.1 சதவீதப் பங்கை 2020 முதல் கத்தார் முதலீட்டு ஆணையம் வைத்திருக்கிறது. இது வேறொரு வாசல். நிலம் தேட வேண்டாம், லைன் இழுக்க வேண்டாம். மீட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, கட்டணத்தை மகாராஷ்டிர மின் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. லாபம் அளவோடுதான் இருக்கும், தூக்கமும் கெடாது. புதிதாகக் கட்டுவதா, ஓடுவதில் பங்கு வாங்குவதா என்பதை வேறெதற்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. கையில் பெரும்பணமும் பொறுமையும் உள்ளவர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

தாபோல்

புதிதாகக் கட்டுவதில் என்னவெல்லாம் தவறும் என்பதற்கு ரத்னகிரி மாவட்டத்தின் தாபோலைப் போல முழுமையான சான்று ஆசியாவில் வேறில்லை. 1991ல் இந்தியா கதவைத் திறந்ததும் முதலில் நுழைந்த பெரிய அந்நிய மின் திட்டம் அது. அமெரிக்காவின் என்ரான் 80 சதவீதம், ஜெனரல் எலெக்ட்ரிக் 10, பெக்டெல் 10 என்று பங்கு. 1992 ஜூனில் புரிந்துணர்வு ஒப்பந்தம், 1993 டிசம்பர் 8 அன்று மகாராஷ்டிர மின்வாரியத்துடன் மின் கொள்முதல் ஒப்பந்தம். டெண்டர் கிடையாது, எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடித்த விலை. இந்தத் திட்டம் பொருளாதார ரீதியாகத் தாங்காது, இத்தனை மின்சாரத்தை மாநிலத்தால் எடுக்க முடியாது என்று உலக வங்கி 1993லேயே சொல்லிக் கடன் தர மறுத்தது. கட்டுபவர்கள் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்களுக்குத்தான் மிச்சம்.

காகிதத்தில் பாதுகாப்புக்குக் குறைவே இல்லை. வாரியம் பணம் தராவிட்டால் மாநில அரசின் உத்தரவாதம், அதற்கும் மேலே மத்திய அரசின் எதிர் உத்தரவாதம், தனியாக எஸ்க்ரோ கணக்கு, லண்டனில் நடுவர் தீர்ப்பு. இத்தனையும் இருந்தும் 1995 மார்ச்சில் ஆட்சி மாறியது. சிவசேனை–பாஜக அரசு ஆகஸ்ட் 3 அன்று திட்டத்தை ரத்து செய்தது. கம்பெனி லண்டனில் வழக்குத் தொடுத்தது. பிறகு மறுபடி பேச்சு நடந்து, விலையைக் குறைத்துத் திட்டத்தைப் பெரிதாக்கினார்கள். முதல் கட்டம் 740 மெகாவாட், மொத்தம் 2,184 மெகாவாட். விலை அதிகம் என்று எதிர்த்த ஒரு திட்டத்தை இன்னும் பெரிதாக்கிச் சமாதானம் செய்துகொண்டதில்தான் அடுத்த விபத்துக்கு விதை விழுந்தது.

1999 மேயில் முதல் கட்டம் ஓடத் தொடங்கியது. நிலையம் தயாராக இருந்தாலே போதும், மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தக் கட்டணம் டாலரோடு கட்டப்பட்டிருந்தது. ஒப்பந்தம் போட்டபோது டாலர் 31 ரூபாய். 2001ல் 46ஐத் தாண்டிவிட்டது. எரிபொருளான நாப்தாவும் விலை ஏறியது. வாரியம் குறைவாக எடுக்க எடுக்க, எடுத்த ஒவ்வொரு யூனிட்டின் தலையிலும் நிலைக்கட்டணம் கூடுதலாக ஏறியது. 2000ன் பிற்பகுதியில் யூனிட் ஏழு ரூபாய்க்கு மேல் விழுந்த மாதங்கள் உண்டு. வாரியம் பில் கட்டுவதை நிறுத்தியது. 2001 ஜனவரியில், கேட்ட நேரத்துக்குள் நிலையம் முழுத்திறனை எட்டவில்லை என்று வாரியம் ஒப்பந்தத்திலிருந்தே ஒரு விதியை எடுத்துக் காட்டி 401 கோடி ரூபாய் அபராதம் கோரியது. பிப்ரவரியில் மத்திய அரசின் எதிர் உத்தரவாதத்தைக் கம்பெனி கையிலெடுத்தது. மே மாதம் நிலையம் நின்றது. டிசம்பர் 2 அன்று அமெரிக்காவில் என்ரானே திவாலானது. 2005ல் என்.டி.பி.சி.யும் கெயிலும் சேர்ந்து தொடங்கிய ரத்னகிரி கேஸ் அண்ட் பவர் அந்த நிலையத்தை எடுத்துக்கொண்டது.

இந்தக் கதையை அரசியல்வாதிகளின் துரோகம் என்று சொல்வோர் உண்டு, கம்பெனியின் பேராசை என்று சொல்வோரும் உண்டு. தொழில் தொடங்குபவருக்கு இரண்டுமே அவ்வளவு உதவாது. அவர் கவனிக்க வேண்டியது இது: வாரியம் தன் வாடிக்கையாளரிடம் வசூலிக்க முடியாத விலைக்கு மின்சாரம் விற்றால், எத்தனை உத்தரவாதப் பத்திரம் இருந்தாலும் பணம் வராது. உத்தரவாதம் பணம் வரவேண்டிய வழியைக் காட்டும், பணத்தை உண்டாக்காது.

மன்னார், சம்பூர், தீவுகள்

பாக் நீரிணைக்கு அப்பால் முப்பது ஆண்டுகள் கழித்து இதே நாடகம் சிறிய அளவில் நடந்தது. இலங்கையின் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை அமைக்க அதானி கிரீன் எனர்ஜி 2022ல் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு ஜூனில் இலங்கை நாடாளுமன்றம் மின்சாரச் சட்டத்தைத் திருத்திப் போட்டி டெண்டர் கட்டாயம் என்பதை நீக்கியது. 2024 மேயில் யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட், இருபது ஆண்டு என்று அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மன்னார் தீவு மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதை. சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின, மன்னார் மக்களும் எதிர்த்தார்கள். செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். 2025 ஜனவரியில் விலைக்கான ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது, பிப்ரவரியில் கம்பெனி விலகிக்கொண்டது. ஆரம்ப வேலைகளுக்குச் செலவான சுமார் 50 லட்சம் டாலர் போனது போனதுதான்; ஆனால் ஒரு கோபுரம்கூட எழும்பாத நிலையில் விலகியதால் 44 கோடி டாலர் தப்பியது.

தாபோலிலும் மன்னாரிலும் முறிந்த இடம் ஒன்றே: போட்டியில்லாமல் பேசி முடித்த விலை. அடுத்து வரும் அரசு கேட்கும் முதல் கேள்வியே ‘ஏன் டெண்டர் விடவில்லை?’ என்பதாக இருக்கும். அதற்குப் பதில் இல்லாத திட்டம், விலை நியாயமாகவே இருந்தாலும் நிற்காது. அமைச்சரின் நட்பால் கிடைத்த ஒப்பந்தத்துக்கு ஆயுள் அமைச்சரின் பதவிக்காலம். டெண்டரில் இரண்டு காசு குறைத்து வென்றவர் பத்து ஆண்டுக்குப் பிறகும் நிம்மதியாக இருப்பார்.

திருகோணமலைக்கு அருகே சம்பூரின் கதை இன்னொரு வகை. இந்தியாவின் என்.டி.பி.சி.யும் இலங்கை மின்சார சபையும் சரிபாதியாகச் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டத் திட்டமிட்டன. போரில் 2006ல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் காணி அந்தத் திட்டத்துக்குள் சிக்கியிருந்தது. 2016ல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது; அதே இடத்தில் சூரிய மின் நிலையம் என்று மாறி, 2025 ஏப்ரலில்தான் தொடக்க விழா நடந்தது. யாழ்ப்பாணத்துத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான கலப்பு மின் திட்டத்தை 2021ல் ஒரு சீனக் கம்பெனி முறையான டெண்டரில் வென்றது; இந்தியா ஆட்சேபித்தது; திட்டம் நின்று, பிறகு இந்திய மானியத்தில் ஒரு பெங்களூர் கம்பெனிக்குப் போனது. ஆக டெண்டரும் முழுக் காப்பு அல்ல. எல்லைக்கும் துறைமுகத்துக்கும் பக்கத்தில் இருக்கும் இடத்தை அந்நியர் தேர்ந்தெடுத்தால் வெளியுறவு அமைச்சகங்களும் கூட்டாளியாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு மெகாவாட்டின் கணக்கு

பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு, சிறு முதலீட்டாளர் இலங்கையில் ஒரு மெகாவாட் சோலார் வைப்பதாக எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 15 லட்சம் யூனிட் கிடைக்கும், மாதத்துக்கு 1.25 லட்சம். யூனிட்டுக்கு 20 இலங்கை ரூபாய் என்று வைத்தால் மாத வருமானம் 25 லட்சம். மின்சார சபை ஆறு மாதம் பாக்கி வைத்தால் ஒன்றரைக் கோடி நிற்கும். வங்கித் தவணையும் ஆள் சம்பளமும் நிற்காது. டாலர் 200 ரூபாயாக இருந்தபோது அந்தப் பாக்கியின் மதிப்பு 75,000 டாலர். 2022ன் வீழ்ச்சியில் டாலர் 360க்குப் போனபோது அதே பாக்கி சுமார் 41,700 டாலர். யூனிட் ஒன்றுகூடக் குறையவில்லை, பேனலில் தூசிகூட இல்லை, தொழில் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. சிறு நீர்மின் நிலையம் வைத்திருந்த பல இலங்கையர் அந்த ஆண்டுகளில் மாதக்கணக்கில் பாக்கிக்காக அலைந்தார்கள். உள்ளூர்க்காரர் செலவும் கடனும் உள்ளூர் ரூபாயில் என்பதால் அவர் எப்படியோ தாங்கினார். டாலரில் கணக்குப் பார்க்கும் அந்நியருக்கு அந்த வசதி இல்லை.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, விலையை டாலரோடு கட்டுவது. இது முதலீட்டாளருக்கு இனிக்கும், ஆனால் தாபோலில் வாரியத்தை முறித்ததும் இதுதான். இன்னொன்று, கடனை அந்நாட்டு நாணயத்திலேயே வாங்கி, சொந்தப் பணத்தை மட்டும் வெளியிலிருந்து கொண்டுபோவது. வட்டி கூடுதலாகத் தெரிந்தாலும் நீண்டகாலத்தில் இதுவே பத்திரம்.

பாக்கி விஷயத்தில் இலங்கையை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. தமிழ்நாட்டில் காற்றாலை வைத்தவர்கள் மின்வாரியப் பணத்துக்கு எத்தனை மாதம் காத்திருந்தார்கள் என்பது முப்பந்தல் பக்கம் யாரைக் கேட்டாலும் தெரியும். ஆந்திராவில் 2019ல் புதிய அரசு முந்தைய காற்றாலை, சோலார் விலைகளைக் குறைக்க முனைந்தது; ஒப்பந்தங்கள் செல்லும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2022 மார்ச் ஆயிற்று. வாரியத்தை விட்டுத் தொழிற்சாலைக்கோ ஓட்டலுக்கோ நேரடியாக விற்பதே இதிலிருந்து தப்பும் வழி. சட்டம் அதற்கு இடம் தரும் நாடாக இருந்தால் சிறு முதலீட்டாளர் முதலில் அங்கே பார்ப்பது நல்லது. இந்தியாவில் பயனாளிகள் 26 சதவீதப் பங்கு வைத்து 51 சதவீத மின்சாரத்தை எடுத்துக்கொண்டால் ‘கேப்டிவ்’ என்ற சலுகை உண்டு. இங்கே வரும் அந்நியர் பலர் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள்.

நிலம், லைன், நிறுத்தம்

இலங்கையில் பாதியோ அதற்கு மேலோ அந்நியப் பங்கு உள்ள கம்பெனி 2014ன் சட்டப்படி காணியை விலைக்கு வாங்க முடியாது. 99 ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கலாம். காகிதத்தில் தரிசு என்று இருக்கும் காணியில் யாருக்கோ மேய்ச்சல் உரிமையோ, இடம்பெயர்ந்து போனவரின் காணி உறுதிப் பத்திரமோ இருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் கிராம சேவகரிடமும் கோயில் நிர்வாகத்திடமும் விசாரிக்காமல் வக்கீலின் அறிக்கையை மட்டும் நம்புவது ஆபத்து. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்றால் நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025ன் திருத்தமும் மின்சார சபையைப் பல கம்பெனிகளாகப் பிரிக்க வழிவகுத்தன. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் யார், பழைய பாக்கிக்கும் புதிய பாக்கிக்கும் யார் பொறுப்பு என்பதைப் பெயரோடு எழுதி வாங்க வேண்டும்.

லைன் என்பது பலர் மறக்கும் செலவு. கென்யாவின் துர்க்கானா ஏரிக்கரையில் 365 காற்றாலைகள், 310 மெகாவாட், 2017ல் தயார். அரசு போட வேண்டிய 400 கிலோமீட்டருக்கும் அதிகமான மின்பாதை தயாராகவில்லை. 2018 வரை இறக்கைகள் சும்மா நின்றன. லைன் தாமதமானால் அதற்கான இழப்பீட்டை அரசு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் கம்பெனி பிழைத்தது. அந்த ஒரு விதி இல்லாத ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்திடக் கூடாது.

லைன் இருந்தும் மின்சாரத்தை வேண்டாம் என்று சொல்லும் நாளும் வரும். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணைமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததில் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியது. குரங்கு ஒரு சாக்குத்தான். தேவை குறைந்த விடுமுறைப் பகலில் சோலாரின் பங்கு மிகுந்திருந்ததால் மின்கட்டமைப்பு அதிர்ச்சியைத் தாங்கவில்லை. அடுத்த ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குக் கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயில் கொளுத்தும் மாதத்தில் நிறுத்தினால் நஷ்டம் யாருடையது? நிறுத்தச் சொன்ன நேரத்தையும் உற்பத்தியாகக் கணக்கிட்டுப் பணம் தர வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தால் வாங்குபவருடையது, இல்லாவிட்டால் விற்பவருடையது.

பணம் போகும் வழியும் வரும் வழியும்

இந்தியாவிலிருந்து பணம் கொண்டுபோவோருக்கு 2022 ஆகஸ்ட் 22 முதல் நடப்பில் உள்ள வெளிநாட்டு முதலீட்டு விதிகள் பொருந்தும். கம்பெனியாக முதலிட்டால் நிகர மதிப்பைப் போல நான்கு மடங்கு வரை ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி இல்லாமல் அனுப்பலாம். தனிநபருக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர்தான் உச்சம்; வெளிநாட்டுக் கல்லூரிக் கட்டணம், சுற்றுலா எல்லாம் இதற்குள்ளேயே அடங்கும். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் முதலீட்டுத் தொகைக்கு வங்கி 20 சதவீதத்தை வரியாக முன்கூட்டியே பிடிக்கும். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் முடங்கும். திட்டச் செலவில் இதைச் சேர்க்காமல் கடைசி நேரத்தில் திண்டாடுவோர் பலர். தனிநபர் தன் கட்டுப்பாட்டில் வைக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கீழே இன்னொரு துணைக் கம்பெனி இருக்கக் கூடாது. மின் திட்டத்துக்குத் தனிக் கம்பெனி, அதற்கு மேலே தாய்க் கம்பெனி என்று அமைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். அப்படியானால் இந்தியாவில் முதலில் ஒரு கம்பெனி தொடங்கி அதன் மூலம் போவதே சரி.

பணம் அனுப்பும்போது வங்கியில் ‘எஃப்.சி.’ படிவம், தனி அடையாள எண், ஆறு மாதத்துக்குள் பங்குச் சான்று, ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் செயல்பாட்டு அறிக்கை. தாமதக் கட்டணம் கட்டித் தப்பலாம். ஆனால் பழைய அறிக்கை நிலுவையில் இருக்கும்வரை வங்கி அடுத்த தவணையை அனுப்பாது. அந்நியச் செலாவணி வேலை பார்க்கும் ஆடிட்டரைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்வது செலவைக் குறைக்கும். இலங்கைப் பக்கம், பணம் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக நுழைய வேண்டும். வேறு வழியில் போன பணத்துக்கு லாபத்தையும் முதலையும் திரும்ப எடுப்பதில் சிக்கல் வரும். நுழைந்த வாசலே வெளியேறும் வாசல்.

நாடுகளுக்கிடையிலான முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களை அதிகம் நம்ப வேண்டாம். இந்தியா 2016, 2017ல் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுடன் இருந்தவற்றை முறித்துக்கொண்டது. இலங்கையுடனான 1997 ஒப்பந்தமும் அதில் அடக்கம். அமீரகத்துடன் 2024ல் புதிதாக ஒன்று நடப்புக்கு வந்தது. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் மின் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே சிங்கப்பூரிலோ லண்டனிலோ நடுவர் தீர்ப்பு என்று எழுதிக்கொள்ளலாம். இந்தியாவும் இலங்கையும் 1958ன் நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்தவை என்பதால் தீர்ப்பை உள்ளூர் நீதிமன்றம் மூலம் நிறைவேற்றலாம். ஆனாலும் வாரியத்தோடு வழக்காடிக்கொண்டே அதே வாரியத்துக்கு மின்சாரம் விற்பது எளிதல்ல. நடுவர் தீர்ப்பு வெளியேறுபவருக்கான ஆயுதம், தங்குபவருக்கு அல்ல.

வெளியேறும்போது பங்கை விற்பதற்கு இந்திய விதிப்படி முதலீடு செய்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். விற்ற பணத்தை உரிய நாளிலிருந்து 90 நாளுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, வந்த 30 நாளுக்குள் வங்கியில் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் கட்டாயம் கேட்பது மூன்று: கடந்த மூன்று ஆண்டு மீட்டர் கணக்கு, வாரியத்தின் பாக்கிப் பட்டியல், கொள்முதல் ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்ற வாரியத்தின் எழுத்துபூர்வமான சம்மதம். மூன்றாவதை விற்கும் நேரத்தில் போய்க் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். ஒப்பந்தம் போடும்போதே, இன்னின்ன தகுதியுள்ளவருக்கு மாற்றலாம், அறுபது நாளில் பதில் வராவிட்டால் சம்மதித்ததாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.